பிழையான விடைக்கும் ஒரு கதவு

(கல்முனையில் வரலாற்றுப் பாட ஆசிரியர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மீட்டல் வகுப்புகளைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. நான் அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வகுப்பறையின் சுவரிலும் தூணிலும் கியூஆர் குறியீடுகளை ஒட்டி, பிள்ளைகளைக் குழு குழுவாகப் பிரித்து, ஒரு குறிப்பைப் பிடித்து அடுத்த குறிப்பைத் தேடிப் போகவைக்கும் புதையல் வேட்டை. பல பாடசாலைகளில் விஞ்ஞான தினத்துக்கும் ஆங்கில தினத்துக்கும் இதைச் செய்து பார்க்கிறார்கள். பிள்ளைகள் ஓடுவார்கள், சிரிப்பார்கள், படம் எடுப்போம், முடிந்துவிடும். வரலாற்று மீட்டலுக்கு இதை உருப்படியாகப் பயன்படுத்த முடியுமா என்பதுதான் இன்றைய கேள்வி. முடியும் என்பது என் பதில். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சரியான விடைக்குச் செலவழிக்கும் சிந்தனையைவிடக் கூடுதலான சிந்தனையைப் பிழையான விடைக்கு நாம் செலவழிக்க வேண்டும்.

கியூஆர் என்றால் என்னவென்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2022 ஜூலையில் எரிபொருளுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று தொடங்கியது. ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைத் தாளில் அச்செடுத்து, லெமினேற் பண்ணி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெற்றோல் செட்டில் வரிசையில் நின்றார்கள். 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. ஆனால் அந்த ஒரு வருடத்தில் மீனவரும் விவசாயியும் ஓட்டோக்காரரும் ஒரு விஷயத்தைப் படித்துக்கொண்டார்கள்: குறியீட்டைக் காட்ட போன் வேண்டியதில்லை, தாள் போதும், வாசிக்கிறவர் கையில் ஒரு போன் இருந்தால் சரி. நாற்பது பிள்ளைகளும் போன் கொண்டுவர முடியாத அரச பாடசாலை வகுப்பறைக்கு இது பெரிய பாடம்.

இந்தக் குறியீடு பிறந்தது பாடசாலைக்காகவும் அல்ல, பணம் செலுத்தவும் அல்ல. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், மசஹிரோ ஹரா என்ற பொறியியலாளரின் குழு இதை வடிவமைத்தது. வாகன உதிரிப்பாகங்களுக்குப் பழைய கோட்டுக் குறியீடு போதவில்லை. அதற்குள் இருபது எழுத்தளவுதான் அடங்கும். ஒரே பெட்டியில் பல குறியீடுகளை ஒட்டி, தொழிலாளர் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டியிருந்தது. 'கோ' என்ற பலகை விளையாட்டின் கறுப்பு வெள்ளைக் காய்கள் ஹராவுக்கு யோசனை கொடுத்தன. மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்கள்தான் போனுக்கு 'இங்கே இருக்கிறது, இந்தப் பக்கம் மேல்' என்று சொல்கின்றன. காப்புரிமை கையில் இருந்தும் நிறுவனம் அதற்குக் காசு கேட்கவில்லை. அதனால்தான் இன்று நாமும் இலவசமாக ஆக்கிக்கொள்கிறோம்.

ஆசிரியருக்குத் தேவையான இன்னொரு குணமும் அதற்கு உண்டு. குறியீட்டின் ஒரு பகுதி கிழிந்தாலும், மை பட்டாலும், மீதியை வைத்துக் கணக்குப் போட்டு முழுவதையும் மீட்டுவிடும். நான்கு மட்டங்களில் இந்தத் திருத்தத்தை வைக்கலாம். மிகக் குறைந்தது 7 வீதம், மிக உயர்ந்தது 30 வீதம். ஆகவே எங்கள் பையன்கள் பேனையால் கிறுக்கினாலும் கடற்காற்றில் தாளின் ஓரம் கிழிந்தாலும் ஆட்டம் நிற்காது. மூலைச் சதுரங்களை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இனி மீட்டலுக்கு வருவோம்.

எங்கள் மீட்டல் வகுப்பு எப்படி நடக்கிறது? ஆசிரியர் குறிப்பை வாசிக்கிறார். பிள்ளைகள் அடிக்கோடு போடுகிறார்கள். பிறகு கடந்தகால வினாத்தாளை எடுத்து, விடையையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போகிறோம். மாலையில் டியூசனில் அதே குறிப்பு இன்னொரு நிறத் தாளில் வருகிறது. பிள்ளைக்கு எல்லாம் தெரிந்தது போல இருக்கிறது. கேட்டால் 'விளங்கிச்சு சேர்' என்பார்கள். பரீட்சை மண்டபத்தில் அரசியல் யாப்புக் கேள்விக்கு 1972ஆ, 1978ஆ என்று கை நடுங்குகிறது.

இதற்கு விளக்கம் இருக்கிறது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். மாணவர்கள் ஒரு சிறு பந்தியைப் படித்தார்கள். பிறகு ஒரு பகுதியினர் அதையே திரும்பவும் படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள்: 81 வீதத்துக்கு எதிராக 75. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது கணக்குத் தலைகீழானது. திரும்பப் படித்தவர்களுக்கு 42 வீதம்தான் நினைவிருந்தது. மூடிவைத்து எழுதியவர்களுக்கு 56 வீதம் நினைவிருந்தது. வாசிப்பு அந்த நேரத்துக்குத் திருப்தி தருகிறது. நினைவிலிருந்து இழுத்தெடுக்கும் சிரமம் நாள்பட நிற்கிறது. பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, தோழர்களே. மாதங்கள் கழித்து வருகிறது.

இந்த இடத்தில்தான் கியூஆர் வேட்டையைப் பெரும்பாலானோர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரித்தேவாடி என்ற சிற்றூர். அங்கே ரஞ்சித்சிங் திசலே என்ற ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் பாடப்புத்தகப் பக்கங்களில் கியூஆர் குறியீடுகளைச் சேர்த்து, அவற்றின் வழியே காணொளிகளும் ஒலிப்பதிவான கவிதைகளும் பயிற்சிகளும் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்தார். 2020இல் பத்து இலட்சம் டொலர் பெறுமதியான உலக ஆசிரியர் விருது அவருக்குக் கிடைத்தது. அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஆசிரியர்களோடு பங்கிட்டுக்கொண்டார். தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலும் குறியீடுகள் இருக்கின்றன. போனைக் காட்டினால் பாடத்தோடு சேர்ந்த படமும் விளக்கமும் திறக்கும்.

இவை எல்லாம் கற்பதற்கு உதவுகின்ற ஏற்பாடுகள். குறியீடு அறிவைக் கொடுக்கிறது. மீட்டலில் நிலைமை வேறு. பிள்ளை ஏற்கனவே படித்துவிட்டது. அதன் தலைக்குள் இருப்பதை வெளியே எடுப்பதுதான் வேலை. அங்கேயும் குறியீட்டை வாசித்தால் ஒரு காணொளி ஓடும் என்று வைத்தால், நாம் பழையபடி குறிப்பு வாசிக்கிறோம், ஒரு போன் வழியாக வாசிக்கிறோம், அவ்வளவுதான். மீட்டல் வேட்டையில் குறியீடு கேட்க வேண்டும். சொல்லும் பொறுப்பு பிள்ளையுடையது.

ஒரு வேட்டையை முழுதாகக் காட்டுகிறேன். பதினோராம் தரம். அரசியல் யாப்பு வளர்ச்சி. எங்கள் பிள்ளைகள் அதிகம் குழம்பும் இடம் எது என்று விடைத்தாள் திருத்திய யாரையும் கேளுங்கள். சட்டமியற்றும் சபைகளின் பெயர்கள் என்பார்கள். 1833 கோல்புறூக் சீர்திருத்தத்தில் சட்டநிரூபண சபை. 1931 டொனமூர் யாப்பில் அரசுக் கழகம். 1947 சோல்பரி யாப்பில் பிரதிநிதிகள் சபையும் செனற் சபையும். 1972 குடியரசு யாப்பில் தேசிய அரசுப் பேரவை. 1978இல் பாராளுமன்றம். ஐந்து யாப்பு. ஆகவே ஐந்து நிலையங்கள்.

ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு தாள். மேலே ஒரு கேள்வி, பெரிய எழுத்தில். கீழே மூன்று விடைகள். ஒவ்வொரு விடைக்கும் கீழே ஒரு குறியீடு. பிள்ளைகள் ஒரு விடையைத் தெரிந்து, அதன் குறியீட்டை மட்டும் வாசிக்க வேண்டும்.

இரண்டாவது நிலையத்தின் கேள்வி: 'சர்வசன வாக்குரிமை பெற்ற மக்கள் முதன்முதலில் தெரிவுசெய்த சபை எது?' விடைகள்: சட்டநிரூபண சபை, அரசுக் கழகம், பிரதிநிதிகள் சபை. ஒரு குழு அங்கே வந்து நிற்கிறது. ஒருவன், "பிரதிநிதிகள் சபைதான். வாக்குப் போட்டுத்தானே பிரதிநிதி வாறது" என்கிறான். மற்றவன், "நீ செல்றது நாப்பத்தேழு மச்சான்" என்கிறான். முதலாமவன் குரல் பெரிது. அவன் சொன்னதையே வாசிக்கிறார்கள். போனில் இப்படி வருகிறது: 'இது 1947இல் வந்தது. அதற்கு முன் 1931இலும் 1936இலும் எல்லோரும் வாக்களித்தார்கள். எந்தச் சபைக்கு?'

பார்த்தீர்களா? 'பிழை' என்று சிவப்புக் கோடு போடவில்லை. அந்தப் பிள்ளையின் தடுமாற்றம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைத் தொட்டு, ஒரு படி பின்னுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. சட்டநிரூபண சபையை வாசித்திருந்தால் வேறு செய்தி: 'அதற்கும் பிற்காலத்தில் தேர்தல் நடந்தது. ஆனால் படிப்பும் சொத்தும் உள்ள ஆண்களுக்கே வாக்கு. பெண்களுக்கு?' அந்தக் கடைசிச் சொல் பிள்ளையை நேரே 1931க்குக் கொண்டுபோய்விடும். சரியான விடையை வாசித்தால்: 'சரி. டொனமூர், 1931. 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் வாக்கு. அடுத்தது யன்னலோரம், மூன்றாவது தூண்.'

இதைத்தான் பிழையான விடைக்கும் ஒரு கதவு என்கிறேன். பலதேர்வு வினாவில் பிழையான மூன்று தெரிவுகளும் செத்த தெரிவுகள். பிள்ளை அதில் விழுந்தால் ஒரு புள்ளி போய்விடும். ஏன் விழுந்தது என்று யாரும் சொல்வதில்லை. குறியீடு வந்தபின் ஒவ்வொரு பிழைக்குப் பின்னாலும் ஓர் ஆசிரியரை நிறுத்திவைக்க முடிகிறது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் அருகிருந்து சொல்ல எந்த ஆசிரியராலும் முடியாது. இந்த ஒரு காரியத்துக்காகத்தான் இந்தக் கருவி எனக்குப் பெறுமதியாகத் தோன்றுகிறது.

'மூன்றையும் வாசித்துப் பார்த்துவிட்டுச் சரியானதைப் பிடிப்பார்களே' என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. பிடிப்பார்கள். எங்கள் பிள்ளைகளின் கெட்டித்தனம் நமக்குத் தெரியாததா? அதற்கு இரண்டு பூட்டு. ஒன்று, வாசிப்பதற்கு முன்னரே விடையையும் அதற்கான காரணத்தையும் குழுத் தாளில் பேனையால் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது, பிழைத்தால் கீழே திருத்தி எழுதலாம். மற்றது, பல போன் செயலிகள் எதை எந்த வரிசையில் வாசித்தோம் என்று பதிந்துவைக்கும். முடிவில் அந்தப் பட்டியலையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழைத்துத் திருத்தியவர்களுக்குப் புள்ளி குறைக்காதீர்கள். எழுதாமல் வாசித்தவர்களுக்குக் குறையுங்கள்.

இன்னொரு சிறு சுவை. சரியான குறியீடு ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் எழுத்தை வையுங்கள். ஐந்து எழுத்தையும் சபைகள் வந்த கால வரிசைப்படி அடுக்கினால் நி, ந், த, வூ, ர் என்று ஊர்ப் பெயர் வரட்டும். குழுக்கள் வெவ்வேறு நிலையத்தில் தொடங்கி வட்டமாகச் சுற்றுவதால் எழுத்துகள் குழம்பித்தான் கைக்கு வரும். இங்குள்ள பிள்ளைகள் மூன்று எழுத்திலேயே ஊரைப் பிடித்துவிடுவார்கள், பரவாயில்லை. எந்த எழுத்து எந்த ஆண்டுக்கு என்று எழுதினால்தான் வேட்டை முடிந்தது என்று சொல்லிவிடுங்கள். கால வரிசை என்பது வரலாற்றின் முதுகெலும்பு. அது விளையாட்டின் திறப்பாகவே இருக்கட்டும்.

இனித் தொழில்நுட்பம். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தீர்மானத்தை முதலிலேயே எடுக்க வேண்டும். குறியீட்டுக்குள் இணைய முகவரியை வைப்பதா, வசனத்தையே வைப்பதா? வசனத்தையே வையுங்கள். அப்படி வைத்தால் டேட்டா தேவையில்லை, வைஃபை தேவையில்லை. போன் கமரா தாளைப் பார்க்கும், எழுத்து திரையில் வரும். இலவசமாகக் குறியீடு ஆக்கித் தரும் சில தளங்கள் உங்கள் வசனத்தைத் தங்கள் முகவரிக்குள் ஒளித்துவைத்து, சில நாள் கழித்துக் காசு கேட்கும். வேட்டை நடக்கும் அன்று திறக்காது. ஆக்கிய குறியீட்டை டேட்டாவை அணைத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வசனம் வந்தால் அது உங்களுடையது.

தமிழுக்கு இங்கே ஒரு சிறு கணக்கு உண்டு. ஒரு கியூஆர் குறியீட்டில் அதிகமாக 2,953 பைட் அடங்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகவே கணக்காகும். அதனால் பத்துத் தமிழ்ச் சொல் ஏறக்குறைய 200 முதல் 250 பைட் வரை பிடிக்கும். அதை நடுத்தரத் திருத்த மட்டத்தில் 61க்கு 61 கட்டமுள்ள குறியீட்டில் அடக்கலாம். ஒரு கட்டத்துக்கு ஒரு மில்லிமீற்றர் என்று அச்சடித்தால், சுற்றிவர விடவேண்டிய வெள்ளை விளிம்போடு ஏழு சென்ரிமீற்றர் அகலம். மூன்றையும் ஒரே ஏ4 தாளில் போட்டுவிடலாம். ஐந்து நிலையத்துக்கு ஐந்து தாள். போட்டோக்கொப்பிக் கடையில் இதற்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். வசனம் நீண்டால் கட்டங்கள் பொடியாகி, பழைய போன் திணறும். ஆகவே சுருக்கமாக எழுதப் பழகுங்கள். அது எங்களுக்கும் நல்ல பயிற்சி. சில பழைய செயலிகளில் தமிழ் எழுத்து உடைந்து வரும். எந்த ஐந்து போன்களைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த ஐந்திலும் முதல்நாளே சோதியுங்கள்.

ஐந்து போன் என்றேன். பிள்ளைகளின் போன் வேண்டாம். பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்ற ஒழுங்கை நாமே உடைக்கக் கூடாது. ஆசிரியர்களின் போன், அதிபரின் அனுமதி, டேட்டா அணைத்தது. வகுப்பில் முப்பத்தைந்து பேர் என்றால் குழுவுக்கு ஏழு பேர். ஏழு பேரில் ஒருவன் கெட்டிக்காரனாக இருந்தால் மற்ற ஆறு பேரும் அவன் பின்னால் நடப்பார்கள். அதைத் தடுக்க ஒரு விதி போதும்: போன் பிடிப்பவர் விடை சொல்லக் கூடாது, எழுதுபவரும் சொல்லக் கூடாது, நிலையத்துக்கு நிலையம் இந்த இரண்டு பொறுப்பும் கைமாற வேண்டும். கடைசி வாங்கில் மௌனமாக இருக்கும் பிள்ளைக்கும் ஒரு நிலையத்தில் வாய் திறக்க வேண்டிய முறை வந்துவிடும்.

ஒரு பாடவேளை இதற்குப் போதாது. அடுத்தடுத்து வரும் இரண்டு பாடவேளைகளைப் பிடியுங்கள். தேடலுக்கு நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். மீதி முழுவதும் கரும்பலகைக்கு. ஓட்டம் முடிந்ததும் மணியடிக்க விட்டால் பாதி வேலை வீண். எந்தக் குழு எந்தப் பிழையில் விழுந்தது, ஏன் அப்படி நினைத்தார்கள் என்று அவர்களையே சொல்லவையுங்கள். 1972க்கும் 1978க்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் சொல்லிக் கேட்பதைவிட, அந்தப் பிழையில் விழுந்து எழும்பிய நண்பன் சொல்லிக் கேட்டால் மனதில் நிற்கும்.

இதுவரை சொன்னது நாட்டின் எந்த மூலையிலும் பொருந்தும். கல்முனைக்கென்று சொல்ல ஒன்று உண்டு.

வரலாறு ஆறாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை கட்டாயப் பாடம். ஆனால் எங்கள் பிள்ளைகள் பலர் அதை வேறு எங்கேயோ நடந்த கதையாகப் படிக்கிறார்கள். அனுராதபுரம், கண்டி, கொழும்பு. 'நம்மட ஊர் எங்க சேர்?' என்று கேட்டால் பாடப்புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டுவது கஷ்டம். வேட்டையின் குறிப்புகளை எழுதும்போது அந்த விரலை நாமே வைக்கலாம். பாடத்திட்டத்தை விட்டு விலகத் தேவையில்லை. பாடத்திட்டத்தின் ஒவ்வொரு பெரிய நிகழ்வும் இந்தக் கரையில் எங்கே தட்டியது என்று காட்டினால் போதும்.

கோல்புறூக் சீர்திருத்தத்தில் நாடு ஐந்து மாகாணமானது. அவற்றில் ஒன்று கிழக்கு. நாம் இன்றும் கடித உறையில் எழுதும் அந்தப் பெயர் அன்று வந்தது. டொனமூர்க் காலத்தின் கல்வி நிறைவேற்றுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கன்னங்கரா. 1945இன் இலவசக் கல்வி அங்கிருந்து வந்தது, அதன் பலன்தான் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கிறது. சோல்பரி யாப்பைக் கேட்டால், கல்முனையின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரைச் சொல்லலாம். 1978 யாப்பின் விகிதாசாரத் தேர்தலைக் கேட்டால், அந்த முறையின் கீழ் 1989இல் அம்பாறை மாவட்டத்திலிருந்து எம். எச். எம். அஷ்ரப் பாராளுமன்றம் சென்றதைச் சொல்லலாம். தொகுதிவாரித் தேர்தலுக்கும் விகிதாசாரத் தேர்தலுக்கும் உள்ள வேறுபாடு பத்து வரி விளக்கத்தில் ஏறாத தலையில் இந்த உதாரணத்தில் ஏறிவிடும்.

இரண்டாம் உலகப் போர் அலகை எடுங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அரிசி வருவது நின்றது. உள்நாட்டில் நெல் விளைவித்தாக வேண்டிய நெருக்கடி. அந்த ஆண்டில்தான் ஏ. எம். ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். உணவு உற்பத்தியைப் பார்க்க வந்தவர், அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் தொடங்கிவைத்தார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரின் நட்பும் அவருக்கு இங்கே வாய்த்தது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 'ரங்கூன் விழுந்ததற்கும் கல்முனை வயலுக்கும் என்ன தொடர்பு?' என்று ஒரு நிலையத்தில் கேளுங்கள். காரணகாரியம் என்றால் என்னவென்று அந்த ஒரு கேள்வி கற்றுக்கொடுக்கும்.

மூலாதாரங்களைப் பற்றிய அலகுக்கும் எங்களிடம் நல்ல கேள்வி உண்டு. போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான்; 1626இல் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று படிக்கிறோம். மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த நாலாயிரம் எங்கிருந்து வருகிறது? குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியாரின் நூலிலிருந்து. அவர் அதைக் கோவாவில் இருந்து, ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து எழுதினார். வெளியேற்றியவர்களின் தரப்பைச் சேர்ந்தவர். ஆகவே இந்த எண்ணைத் தூக்கி எறிவதா? கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதா? மூன்று குறியீடு வையுங்கள்: 'முழுதாக ஏற்கலாம்', 'முழுதாகத் தள்ளலாம்', 'வேறு ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்'. முதல் இரண்டுக்குப் பின்னால் நீங்கள் எழுதும் பத்துச் சொல்லில்தான் பிள்ளை வரலாற்று மாணவனாகிறது. தன் ஊரின் கதையையே கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை மற்றவர் ஊரின் கதையையும் நிதானமாகக் கேட்கும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் இந்த மாவட்டத்தில் அந்தப் பழக்கம் பரீட்சைக்கு அப்பாலும் தேவை.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்த மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வீடுகளோடு காணி உறுதிகளும் பழைய படங்களும் கடிதங்களும் போயின. எழுத்தில் இருந்தது குறைந்த ஊரில், பெரியவர்களின் நினைவு கூடுதல் பெறுமதி பெறுகிறது. வேட்டை முடிந்தபின், விருப்பமுள்ள பிள்ளைகள் மருதமுனை நெசவைப் பற்றியோ, கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தைப் பற்றியோ, கல்லோயாத் திட்டத்துக்கு முந்திய வயல்களைப் பற்றியோ மூத்தாப்பாவிடம் கேட்டு ஐந்து வரி எழுதிவரட்டும். அடுத்த வருட வேட்டைக்கான குறியீடுகள் அந்த ஐந்து வரியிலிருந்து வரலாம். இணையம் உள்ள இடத்தில், 2005இலிருந்து இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் பழைய இதழ்களும் மலர்களும் வாசிக்கக் கிடைக்கின்றன. வேட்டைக்குப் பின்னான வாசிப்புக்கு அந்த முகவரியை ஒரு குறியீடாகக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை.

இந்த முறையால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் வினாத்தாளுக்குக் கட்டமைத்து எழுதும் பயிற்சி வேண்டும். அதை எந்தக் குறியீடும் தராது, பேனை பிடித்து எழுதித்தான் வர வேண்டும். நிலப்படப் பயிற்சிக்கு ஒரு நிலையத்தில் வெற்றுப் படம் தொங்கவிட்டு, ஊர்கள் இருக்கக்கூடிய மூன்று புள்ளிகளில் மூன்று குறியீடு ஒட்டலாம். ஆனால் கையால் குறிக்கும் பழக்கத்துக்கு அது ஈடாகாது. முதலில் முடித்த குழுவுக்குப் பரிசு என்று அறிவித்தால் ஆட்டம் ஓட்டப்பந்தயமாகிவிடும். பிழைச் செய்திகளை யாரும் வாசிக்க மாட்டார்கள். காரணம் நன்றாக எழுதிய குழுவுக்குக் கைதட்டுங்கள். கிழமைக்கு ஒருமுறை நடத்தினால் புதுமை போய்விடும். தவணைக்கு இரண்டு முறை போதும். முதல் வேட்டைக்கும் அடுத்ததுக்கும் இடையில் நாட்கள் கழியட்டும், அடுத்ததில் பழைய அலகின் கேள்வி ஒன்றிரண்டைக் கலந்துவிடுங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை இதற்கு வசதியான இடைவெளி: விடுமுறைக்கு முன் ஒன்று, திரும்பி வந்ததும் ஒன்று.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வேட்டையில் கஷ்டமான வேலை குறியீடு ஆக்குவதல்ல. அதை ஒரு பத்தாம் தரப் பிள்ளை அரை மணித்தியாலத்தில் செய்துவிடும். கஷ்டம், நல்ல பிழைகளைக் கண்டுபிடிப்பது. யாரும் விழாத பிழையை வைத்தால் அந்தக் குறியீட்டை யாரும் திறக்கப் போவதில்லை. பிள்ளைகள் உண்மையில் விழும் பிழை எது என்பது ஒருவருக்கும் கற்பனையில் வராது. அது விடைத்தாள்களில்தான் இருக்கிறது. நாம் ஒவ்வொரு தவணையும் அவற்றைத் திருத்தி, கோடு போட்டு, புள்ளியைக் கூட்டித் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அத்தனை அறிவும் பிள்ளைகளின் பைக்குள் மடிந்து போய்விடுகிறது.

இந்தத் தவணைத் தாள்களைத் திருத்தும்போது பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அலகிலும் அதிகம் பேர் விழுந்த மூன்று பிழைகளை எழுதுங்கள். அந்தப் பிள்ளை ஏன் அப்படி நினைத்திருக்கும் என்று பக்கத்தில் ஒரு வரி. பெயர் வேண்டாம், பாடசாலை வேண்டாம், பிழை மட்டும் போதும். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் காரைதீவிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள வரலாற்று ஆசிரியர்கள் தங்கள் கொப்பிகளை ஓரிடத்தில் கொண்டுவந்து வைத்தால், எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத ஒரு தொகுப்பு நம் கையில் இருக்கும். தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்ற வேறுபாடு அதில் வராது. 1972ஐயும் 1978ஐயும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான் மாற்றி எழுதுகிறார்கள். அந்தக் கொப்பிகளோடு வாருங்கள். குறியீடுகளை ஒன்றாக உட்கார்ந்து ஆக்குவோம்.